மோட்டார் கருகினால் யார் பொறுப்பு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஊரில் ஏறக்குறைய 50 வீடுகள் இருக்கின்றன. ஒரு தொண்டு நிறுவனம் ஆழ்குழாய்க் கிணறு தோண்டி, சோலார் மோட்டாரும் மேல்நிலைத் தொட்டியும் அமைத்துக் கொடுத்தது. மூன்றாவது கோடையில் மோட்டார் கருகிவிட்டது. நிறுவனத்தைக் கேட்டால், ஊரிடம் ஒப்படைத்தாயிற்று என்கிறார்கள். கோயில் கமிட்டியோ அது தங்கள் வேலை இல்லை என்கிறது. பெண்கள் மறுபடியும் குளத்துக்கு நடக்கிறார்கள். புது மோட்டாருக்கு வசூல் செய்யலாமா?
– ஒரு வாசகர், பகோ

பதில்: வசூல் செய்யலாம், ஆனால் பழைய மோட்டார் ஏன் கருகியது என்று தெரிந்துகொள்ளாமல் புதியதை இறக்கினால் அதற்கும் அதே கதிதான். ஆழ்குழாய்க்குள் இறக்கும் மோட்டார், தன்னைச் சுற்றியுள்ள நீரால்தான் சூடு தணிகிறது. நம் மியான்மர் நாட்டில் அக்டோபரில் மழை ஓய்ந்தால் மே நடுவில்தான் மறுபடி பிடிக்கும். இடையில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் நிலத்தடி நீர் அடியில் கிடக்கும். மழை முடிந்த கையோடு ஊற்றைச் சோதித்தவர்களுக்கு நீர் தாராளமாக இருப்பதாகத் தோன்றியிருக்கும், அந்த நம்பிக்கையில் மோட்டாரை மேலேயே நிறுத்தியிருக்கவும் கூடும். கருகியதை வெளியே எடுக்கும் நாளிலேயே, முழத்துக்கு ஒரு முடிச்சிட்ட கயிற்றை கிருமி போக ப்ளீச்சிங் பவுடர் கரைத்த நீரில் நனைத்து, நன்றாக உலர்த்தி, நுனியில் ஓர் இரும்புத் துண்டைக் கட்டி இறக்கி, எத்தனையாவது முடிச்சு நனைகிறது என்று பார்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த எண்ணைக் கொண்டுதான் மோட்டாரை எவ்வளவு ஆழத்தில் நிறுத்துவது, எத்தனை மணி நேரம் ஓட்டுவது என்று மெக்கானிக் சொல்ல முடியும். நீர் இறங்கினால் தானாக நின்றுவிடும் அமைப்பு பொருத்தப்பட்டிருக்கிறதா, அதன் வயர் அறுந்து கிடக்கிறதா என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

அடுத்தது பொறுப்பு. திறப்பு விழா நாளில் அவசரமாக ஒரு கமிட்டி போட்டு, புகைப்படம் எடுத்து, சாவியைக் கொடுத்துவிட்டுப் போவது உங்கள் ஊரில் மட்டும் நடந்ததில்லை. ஆப்பிரிக்காவில் சஹாராவுக்குத் தெற்கேயுள்ள நாடுகளைப் பற்றி 2009-இல் வெளியான மதிப்பீட்டின்படி, அங்கே போட்ட கைப்பம்புகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று இயங்காமல் நின்றிருந்தது. பம்பு நன்றாக இருந்தும் பழுதுபார்க்கும் வழி இல்லாமல் போவதும் உண்டு. 1970-களில் யூனிசெஃப் உதவியோடு இந்தியாவில் உருவான ‘இந்தியா மார்க் 2’ கைப்பம்பு உறுதியானது என்று பெயர் எடுத்தது. ஆனால் உள்ளே ஒரு வாஷர் தேய்ந்தாலும் குழாய்களை எல்லாம் வெளியே இழுக்க முக்காலியோடு ஒரு குழு வரவேண்டியிருந்தது. பின்னால் வந்த ‘மார்க் 3’-இல் குழாயை அகலமாக்கி, பிஸ்டனை மட்டும் மேலே இழுக்க வழி செய்தார்கள். எந்தக் கருவியாக இருந்தாலும், உங்கள் ஊரில் யார் கையில் ஸ்பேனர் இருக்கும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அவருக்குப் பயிற்சியும் சிறு சம்பளமும் கொடுங்கள். சம்பளமில்லாத சேவை இரண்டு கோடைக்கு மேல் தாங்கி நான் அதிகம் கண்டதில்லை.

பணக் கணக்கு எளிதுதான். மோட்டார் ஐந்து ஆண்டு உழைக்கும் என்று வைத்துக்கொண்டால், அதன் விலையை 60 மாதங்களாலும் 50 வீடுகளாலும் வகுக்க வேண்டும். உதாரணத்துக்கு, விலை 15 லட்சம் கியாட் என்றால் வீட்டுக்கு மாதம் 500 கியாட் வரும். ஆனால் 2021-க்குப் பிறகு கியாட்டின் மதிப்பு சரிந்த வேகத்தைப் பார்த்தவர்கள், ஐந்து ஆண்டுக்கான பணத்தை நோட்டாகவே பெட்டியில் பூட்டி வைக்க மாட்டார்கள். சேரும் பணத்தில் அவ்வப்போது வால்வு, வாஷர், கேபிள் போன்ற உதிரிப் பாகங்களை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். மோட்டாரின் விலையை ஆண்டுக்கு ஒரு முறை கடையில் விசாரித்து, வசூல் தொகையை அதற்கேற்ப மாற்றுங்கள்.

கேள்வி: தண்ணீருக்குக் காசு வாங்குவது பாவம் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் தடுக்கிறார்கள். சில வீடுகளால் உண்மையிலேயே கொடுக்கவும் முடியாது.
– ஒரு வாசகி, தட்டோன்

பதில்: பெரியவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இந்த நாட்டில் மரத்தடியிலும் வீட்டு வாசலிலும் வழிப்போக்கருக்காக மூடியும் குவளையுமாக மண்பானைகள் வைத்திருக்கிறார்களே, அந்தத் தண்ணீருக்கு யாரும் விலை கேட்பதில்லை. ஆனால் அந்தப் பானையைக் கழுவி நிரப்பவும், உடைந்தால் வேறு வாங்கி வைக்கவும் ஒரு குடும்பம் பொறுப்பேற்றிருக்கிறது. உங்கள் ஊர்க் குழாய்க்கு அப்படியொரு குடும்பம் இல்லாததால் ஊரே அந்தக் குடும்பமாக வேண்டியிருக்கிறது. திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவது நமக்குப் புதிதா? அதே முறையில் குழாய்க்கும் வரி போடுங்கள். மாதாமாதம் கேட்பதைவிட நெல் அறுவடையான கையோடு வாங்குவது விவசாயக் குடும்பங்களுக்குச் சுலபம். கொடுக்க இயலாத வீடுகள் எவை என்பதை ஊர்க் கூட்டத்தில் தீர்மானித்து எழுதிவிடுங்கள். பொருளாளர் தன் விருப்பப்படி ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் மறுமாதம் பத்துப் பேர் நிறுத்திவிடுவார்கள்.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ‘உபயம்’ என்று கல்லில் பெயர் பொறிக்கத் தொட்டி கட்டித் தருபவர்கள் கிடைக்கிறார்கள்; வாஷருக்கு உபயதாரர் கிடைப்பதில்லை.

கேள்வி: குழாய்ப் பணத்தின் கணக்கைப் பொருளாளர் காட்டுவதில்லை. அவர் எனக்கு மாமா முறை. சண்டை இல்லாமல் எப்படிக் கேட்பது?
– பெயர் வேண்டாம், யாங்கூன் புறநகர்

பதில்: நீங்கள் தனியாகக் கேட்காதீர்கள், விதி கேட்கட்டும். 10-ஆம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரியைக் கவனிக்க ஏரி வாரியம் என்றே ஒரு குழு இருந்தது தெரிகிறது. அதன் பதவிக்காலம் 360 நாள். குடவோலையில் ஆளை எடுத்தார்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை என்று விதித்திருந்தார்கள். உங்கள் மாமா கணக்குக் காட்டாவிட்டால் அந்த விதிப்படி உங்களுக்கும் வாய்ப்புப் போய்விடும் என்று சிரித்துக்கொண்டே சொல்லிப் பாருங்கள். நடைமுறையில், அடுத்த கூட்டத்தில் மூன்றே தீர்மானங்கள் போதும்: கோயில் பணமும் குழாய்ப் பணமும் தனித்தனி நோட்டில் இருக்க வேண்டும், வரவு செலவைத் தொட்டிச் சுவரில் மாதந்தோறும் எழுத வேண்டும், பெட்டிச் சாவிகள் இரண்டில் ஒன்று, தண்ணீர் பிடிக்க வரும் பெண்களில் ஒருவரிடம் இருக்க வேண்டும். குழாய் எப்போது சொட்டத் தொடங்கியது என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

கேள்வி: குழாய் வந்துவிட்டதால் பழைய குடிநீர்க் குளத்தைத் தூர்த்து மண்டபம் கட்டலாம் என்கிறார்கள். சரியா?
– ஒரு வாசகர், ஐராவதி டெல்டா

பதில்: வேண்டாம். டெல்டாவில் ஆழமில்லாத குழாய்க் கிணறுகள் சிலவற்றில் ஆர்செனிக் என்ற நஞ்சு இருக்கிறது; அதற்கு நிறமோ சுவையோ மணமோ கிடையாது, காய்ச்சினாலும் போகாது. உங்கள் கிணற்று நீரைச் சோதித்து, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்ற அளவுக்குள் இருக்கிறது என்று தெரியும்வரை குளமும் மழைநீருமே உங்கள் குடிநீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேறிய பிறகும் குளத்தை விட்டுவிடாதீர்கள். மோட்டார் நிற்கும் நாளில் அதுதான் மாற்று. 2008 மே மாத நர்கிஸ் புயலில் குளங்களுக்குள் கடல்நீர் புகுந்தபோது, அதை இறைத்து வெளியேற்றிவிட்டு மழைநீருக்காகக் காத்திருந்த ஊர்களை நீங்களும் அறிவீர்கள். மாடு இறங்காதபடி வேலி போடுங்கள். குளிக்கவும் துவைக்கவும் தனி இடம் ஒதுக்குங்கள். நீர் வற்றியிருக்கும் ஏப்ரலில், முதல் மழைக்கு முன்பே தூர் வாரிவிடுங்கள். மண்டபத்துக்கு வேறு இடம் பாருங்கள்.