பத்தாயிரத்துக்கு ஒரு டாலர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் அரசுப் பல்கலைக்கழகங்களைப் பற்றி எதை வாசித்தாலும் 1862ஆம் ஆண்டு மோரில் சட்டத்தில்தான் தொடங்குகிறார்கள். மத்திய அரசு நிலம் கொடுத்தது, மாநிலங்கள் அதை விற்றுக் கல்லூரி நடத்தின, அவை பல்கலைக்கழகங்களாக வளர்ந்தன என்கிறார்கள். நீங்கள் ஒரு கட்டுரையில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைப் போகிறபோக்கில் சொல்லியிருந்தீர்கள். அதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன். கணக்கு ஒத்துவரவில்லை. நிலம் கிடைத்து இருபது வருடம் கழித்தும் அது சின்னக் கல்லூரியாகவே இருந்திருக்கிறது. 1900 வாக்கில் பார்த்தால் 2000 பேருக்கு மேல் படிக்கிறார்கள். நடுவில் என்ன நடந்தது? நல்ல தலைவர்கள் வாய்த்தார்களா? பாலில் கொழுப்பு பார்க்கும் முறை அங்கே கண்டுபிடிக்கப்பட்டது பெரிய திருப்பம் என்றும் ஒரு இடத்தில் படித்தேன். நாங்களும் மாடு வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர்கள்தான். ஃபேட் பார்ப்பதால் ஒரு பல்கலைக்கழகம் வளருமா?

ஒரு வாசகர், ஈரோடு மாவட்டம்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கணக்கு சரிதான். விஸ்கான்சின் பல்கலைக்கழகம் நிலத்தால் வளரவில்லை. வருடாவருடம் வந்த ஒரு சின்ன வரியால் வளர்ந்தது. அந்த வரியை விவசாயிகள் பொறுத்துக்கொண்டதற்குப் பால் ஒரு முக்கியமான காரணம்.

முதலில் நிலத்தின் கதை. 1848இல் விஸ்கான்சின் மாநிலமானது. 1849 பிப்ரவரியில் மேடிசன் ஊரில் ஒரு பெண்கள் பள்ளிக்கட்டடத்தில், ஸ்டெர்லிங் என்ற ஒரே பேராசிரியர் 17 மாணவர்களுக்கு வகுப்பு தொடங்கினார். அதுவும் கல்லூரி வகுப்பு அல்ல, கல்லூரியில் சேர்வதற்கான ஆயத்த வகுப்பு. பல்கலைக்கழகத்துக்கென்று மத்திய அரசு ஏற்கெனவே 46,080 ஏக்கர் கொடுத்திருந்தது. 1854இல் இன்னொரு 46,080 ஏக்கர் வந்தது. ஆனால் நிலத்தை விற்கும் அதிகாரம் மாநிலச் சட்டமன்றத்திடம் இருந்தது. சட்டமன்றத்துக்கு அவசரம் வேறு: குடியேறிகள் வர வேண்டும், வாக்காளர்கள் பெருக வேண்டும். நிலம் மலிவாகப் போயிற்று. வந்த பணத்தை நிதியாகப் போட்டு வட்டியில் கல்லூரியை நடத்துவதாகத் திட்டம். கட்டடம் வேண்டும் என்றபோது சட்டமன்றம் தன் கையிலிருந்து ஒரு காசு தரவில்லை. அந்த நிதியின் முதலிலிருந்தே எடுத்துக் கட்டிக்கொள்ளச் சொன்னது. முதல் குறைந்தால் வட்டியும் குறையுமே! கட்டடம் உயர உயர, உள்ளே பாடம் நடத்துகிறவருக்குச் சம்பளம் கொடுக்கக் காசு இல்லாமல் போனது. இப்படி எடுத்தது தவறு என்று உணர்ந்து 1867இலிருந்து வருடத்துக்குச் சுமார் 7300 டாலர் ஈடாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அரசு தன் பணத்தில் முதன்முதலாகக் கட்டடம் கட்டிக்கொடுத்தது 1870இல். பெண்கள் விடுதிக்கு 50,000 டாலர்.

மோரில் சட்டத்திலும் இதே கதைதான். நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு 30,000 ஏக்கர் என்பது கணக்கு. விஸ்கான்சினுக்கு இரண்டு அவைகளிலும் சேர்த்து 8 பேர், ஆகவே 240,000 ஏக்கர். அதையும் ஏக்கர் ஒன்றேகால் டாலர் அளவில் தள்ளிவிட்டுச் சுமார் 3 லட்சம் டாலர் பார்த்தார்கள். இதில் வயிற்றெரிச்சலான விஷயம் ஒன்று உண்டு. நியூயார்க் மாநிலத்துக்குள் மத்திய அரசு நிலம் இல்லாததால் அதற்கு, வேறு மாநிலத்தில் நிலம் எடுக்க உதவும் நிலப்பத்திரங்கள் கிடைத்தன. எஸ்ரா கார்னெல் அவற்றில் பெரும்பகுதியை வாங்கி விஸ்கான்சினின் பைன் காடுகளில் சுமார் 5 லட்சம் ஏக்கரைத் தேர்ந்தெடுத்து விற்காமல் வைத்திருந்தார். மரத்துக்கு விலை ஏறிய பிறகு அதிலிருந்து கார்னெல் பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்தது ஏறத்தாழ 50 லட்சம் டாலர். விஸ்கான்சின் காட்டால் கொழித்தது நியூயார்க் மாநிலத்துப் பல்கலைக்கழகம். உள்ளூர்க்காரர்கள் சொந்தக் காட்டை விறகு விலைக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள்.

மாற்றம் 1876இல் வந்தது. அதற்கு மூன்று வருடம் முன்பே பக்கத்து மாநிலமான மிச்சிகன் வழி காட்டியிருந்தது. டாலரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மில் என்று பெயர். மாநிலத்தில் வரி மதிப்பிடப்பட்ட எல்லாச் சொத்தின் மீதும் டாலருக்கு மில்லில் இருபதில் ஒரு பங்கு பல்கலைக்கழகத்துக்கு என்று மிச்சிகன் 1873இல் சட்டம் போட்டது. விஸ்கான்சின் அதை இரட்டிப்பாக்கி மில்லில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்தது. அதாவது 10,000 டாலர் சொத்துக்கு ஒரு டாலர். ஆயிரம் டாலர் பெறுமானப் பண்ணை வைத்திருப்பவர் வருடத்துக்குக் கட்டுவது 10 சென்ட்.

தொகை சிறியது. ஆனால் அதன் அமைப்பைக் கவனியுங்கள். ஒதுக்கீடு என்றால் ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் சட்டமன்றத்தின் வாசலில் போய் நிற்க வேண்டும். ஒரு பேராசிரியர் சொன்ன ஏதோ ஒன்று ஒரு உறுப்பினருக்குப் பிடிக்கவில்லை என்றால் அந்த வருடம் கை விரித்துவிடுவார்கள். வரிப்பங்கு கேட்காமலே வரும். காடு வயலாகி, ஊர் நகரமாகிச் சொத்து மதிப்பு ஏறும்போது பங்கும் தானாக ஏறும். முக்கியமாக, அடுத்த வருடம் எவ்வளவு வரும் என்று இன்றைக்கே ஓரளவு தெரியும். அது தெரிந்தால்தான் வெளியூரிலிருந்து ஒரு நல்ல பேராசிரியரை மூன்று நான்கு வருட நம்பிக்கையோடு கூப்பிட முடியும். கட்டடத்துக்கு மட்டும் தனியாகக் கேட்க வேண்டியிருந்தது. என் பார்வையில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் உண்மையான பிறந்த வருடம் 1848 அல்ல, 1876.

இன்னொரு வேலையும் சத்தமில்லாமல் நடந்தது. 1875இல் இலவச உயர்நிலைப் பள்ளிகளுக்கு மாநிலம் உதவி தரத் தொடங்கியது. அதுவரை கிராமத்துப் பையன் நேராகக் கல்லூரிக்குள் நுழைய முடியாது. பல்கலைக்கழகமே ஆயத்த வகுப்பு வைத்து அவனுக்குக் கணக்கும் லத்தீனும் சொல்லிக்கொடுக்க வேண்டும். பாதிச் சக்தி அதிலேயே போய்விடும். 1880இல் ஆயத்த வகுப்பை மூடினார்கள். பள்ளிகளை ஆய்வு செய்து, தரமானவற்றின் சான்றிதழ் இருந்தால் நுழைவுத் தேர்வு இல்லாமல் சேர்த்துக்கொள்ளும் முறையும் மிச்சிகனிலிருந்து வந்ததுதான். பள்ளிகள் பெருகப் பெருக மாணவர்களும் பெருகினார்கள்.

பிறகு தீ. 80,000 டாலரில் கட்டி சில வருடங்களே ஆகியிருந்த அறிவியல் கட்டடம் 1884 டிசம்பர் 1 இரவு எரிந்துபோனது. அருங்காட்சியகம், கருவிகள், சேகரித்த பாறைகள் எல்லாம் போயின. அடுத்த முறை புத்தியாகக் கட்டினார்கள். வேதியியல் கூடம் தனி, இயந்திரப் பட்டறை தனி, கொதிகலன் தனி. எது பற்றிக்கொள்ளுமோ அதைப் பிரித்து வைத்துவிட்டு, அறிவியல் கட்டடத்தைச் செங்கல்லும் இரும்பும் கொண்டு எழுப்பினார்கள். அது இன்றும் நிற்கிறது.

இனி உங்கள் பாலுக்கு வருகிறேன். வரி போட்டாயிற்று. வரி கட்டுகிற விவசாயி என்ன கேட்பார்? ‘எனக்கு என்ன லாபம்?’ என்றுதான். 1880களின் தொடக்கத்தில் அதற்குப் பதில் இல்லை. விவசாயத் துறை என்று ஒன்று இருந்தது, பண்ணையும் இருந்தது, படிக்கத்தான் ஆள் இல்லை. விவசாயக் கல்லூரியைப் பிரித்து வேறு ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்று 1885இல் சட்டமன்றத்தில் பெரிய முயற்சியே நடந்தது. அது நடந்திருந்தால் மோரில் நிதியும் விவசாயிகளின் ஆதரவும் சேர்ந்தே போயிருக்கும். 1880இல் வந்து சேர்ந்த வில்லியம் ஹென்றி என்ற பேராசிரியர்தான் இதைச் சமாளித்தவர். நான்கு வருடப் பட்டத்துக்கு விவசாயி மகன் வரமாட்டான் என்பது அவருக்குப் புரிந்தது. வயலில் வேலை இல்லாத குளிர்காலத்தில் குறும்படிப்பு தொடங்கினார். 1886 குளிர்காலத்தில் 19 பேர் வந்தார்கள். அவர்களும் வர முடியாத ஊர்களுக்குப் பேராசிரியர்களே போய்ப் பேசும் விவசாயக் கூட்டங்களுக்கு 1885இல் அரசு 5000 டாலர் கொடுத்தது. 1887இல் மத்திய அரசின் ஹாட்ச் சட்டம் வந்தது. ஒவ்வொரு மாநில விவசாய ஆய்வுநிலையத்துக்கும் வருடத்துக்கு 15,000 டாலர். 1888இல் வேதியியலாளர் ஸ்டீபன் பாப்காக் வந்தார்.

விஸ்கான்சின் அப்போது கோதுமையைக் கைவிட்டு மாட்டுக்கு மாறிக்கொண்டிருந்தது. மண் சோர்ந்துவிட்டது, பூச்சி வேறு. பாலைச் சீஸ், வெண்ணெய்த் தொழிற்சாலைகளில் எடை போட்டு வாங்கினார்கள். 100 பவுண்டு பாலில் 3 பவுண்டு கொழுப்பு இருந்தாலும் நான்கரைப் பவுண்டு இருந்தாலும் ஒரே காசு. தண்ணீர் கலந்தவருக்கு லாபம். மேலே மிதக்கும் ஆடையை வழித்துவிட்டுக் கொண்டுவந்தவருக்கு இரட்டை லாபம். நல்ல மாடு வளர்த்தவர் எல்லாருக்கும் சேர்த்துப் படியளந்தார். ஆய்வகத்தில் ஈதர் வைத்துக் கொழுப்பைப் பிரிக்கத் தெரியும்தான், ஆனால் அதைத் தொழிற்சாலை வாசலில் தினமும் ஐம்பது பேர் பாலுக்குச் செய்ய முடியாது.

பாப்காக் 1890இல் வெளியிட்ட முறை இது. 17.6 மில்லிலிட்டர் பிப்பெட்டில் பாலை எடுத்து நீண்ட கழுத்துள்ள குப்பியில் விட வேண்டும். சுவரில் ஒட்டியது போக இறங்குவது 18 கிராம். அதே அளவுக்கு, 17.5 மில்லிலிட்டர், ஒப்படர்த்தி 1.82 முதல் 1.83 வரையுள்ள கந்தக அமிலம். குப்பியைச் சாய்த்துக் கழுத்தின் சுவர் வழியாக விட்டால் அமிலம் பாலுக்கு அடியில் போய்த் தங்கும். பிறகு சுழற்றிக் கலக்க வேண்டும். கொழுப்புத் துளிகளைச் சூழ்ந்திருக்கும் புரதத்தை அமிலம் கரைத்துவிடும். கலவை காப்பி நிறத்துக்கு வந்து கொதிக்கச் சூடாகும், கொழுப்பும் உருகும். கைச்சக்கரத்தில் 5 நிமிடம் சுற்று. கழுத்தடி வரை வெந்நீர் ஊற்றி 2 நிமிடம், கொழுப்பு கழுத்துக்குள் ஏறும்வரை மறுபடி ஊற்றி 1 நிமிடம். குப்பி 55 முதல் 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும்போதே அளவைப் படித்துவிட வேண்டும்.

கழுத்தில்தான் கெட்டிக்காரத்தனம். 18 கிராமில் ஒரு சதவீதம் 0.18 கிராம். உருகிய கொழுப்பின் அடர்த்தி 0.9. ஆகவே ஒரு சதவீதத்துக்கு இடம் சரியாக 0.2 மில்லிலிட்டர். அந்த இடைவெளியில் கோடு போட்டுவிட்டால் கணக்கே வேண்டாம், கண்ணால் பார்த்துச் சதவீதத்தைச் சொல்லிவிடலாம். நான்காம் வகுப்பு படித்தவருக்கும் கைகூடும்.

தவறு எங்கே வரும்? அமிலம் அதிக வீரியமாகவோ பால் அதிகச் சூடாகவோ இருந்தால் கொழுப்புக்குக் கீழே கருகிய துகள்கள் நிற்கும். அமிலம் வீரியம் குறைந்தால் கரையாத வெள்ளைத் தயிர்க்கட்டி நின்று அளவைக் கெடுக்கும். ஆறிய பிறகு படித்தால் கொழுப்பு சுருங்கிக் குறைவாகக் காட்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு சோதனைக்கு முன்பே நடக்கிறது: கேனை நன்றாகக் கலக்காமல் மேலிருந்து மொண்டால் ஆடையும், அடியிலிருந்து எடுத்தால் நீர்ப்பாலும்தான் வரும். உங்கள் சொசைட்டியில் குப்பியும் அமிலமும் வைத்துப் பார்த்தால் அது பெரும்பாலும் ஜெர்பர் முறையாக இருக்கும். சுவிட்சர்லாந்தில் சற்றுப் பின்னால் வந்த தம்பி அது. பாலும் அமிலமும் குறைவு, கூடவே கொஞ்சம் அமைல் ஆல்கஹால். மாதிரியைக் கலக்கும் விதி இரண்டுக்கும் ஒன்றே.

பாப்காக் இதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் குப்பி செய்து விற்கலாம் என்றார். சோதனை வந்ததும் கலப்படம் நஷ்டக் கணக்கானது. எந்த மாடு தின்ற தீனிக்குக் கொழுப்புக் கொடுக்கிறது, எது சும்மா தின்கிறது என்று பிரித்துக் கழிக்கவும் முடிந்தது. அதே 1890இல் பல்கலைக்கழகம் தொடங்கிய பால்பண்ணைப் பள்ளியில் முதல்முறை வந்தவர்கள் 2 பேர். அடுத்த குளிர்காலத்தில் 70 பேர். 1892இல் அதற்குத் தனிக் கட்டடமே எழுந்தது. பல்கலைக்கழக வரி தண்டம் என்று ஒரு பால்மாட்டு மாவட்டத்து உறுப்பினர் அதற்குப் பிறகு எழுந்து பேசுவது கஷ்டம்.

அந்த மறைவில் மற்றத் துறைகள் வளர்ந்தன. இதைச் சிலர் மறுப்பார்கள், ஆனால் வருடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1892இல் சார்லஸ் வான் ஹைஸுக்கு நிலவியலில் அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் முனைவர் பட்டம். அதே வருடம் பொருளியலாளர் ரிச்சர்ட் ஈலி வந்தார். 1894இல் அவர் வேலைநிறுத்தக்காரர்களுக்குத் துணைபோகிறார் என்று மாநிலக் கல்விக் கண்காணிப்பாளர் ஆலிவர் வெல்ஸே பத்திரிகையில் குற்றம் சாட்டினார். ஆட்சிக்குழு விசாரித்து ஈலியை விடுவித்ததோடு, உண்மையைத் தேடும் ஆராய்ச்சிக்குத் தடை கூடாது என்று அறிக்கையும் வெளியிட்டது.

தலைவர்களைக் கேட்டீர்கள். 1874 முதல் 1887 வரை இருந்த ஜான் பாஸ்கம் பெரிய மனிதர். ஆண், பெண் இருவருக்கும் ஒரே வகுப்பு என்பதை உறுதியாக்கியவர். மதுவிலக்கு பேசி ஆட்சிக்குழுவோடு மோதி வெளியேறினார். அடுத்து வந்த நிலவியலாளர் சேம்பர்லின் ஐந்தே வருடத்தில் மாணவர் தொகை சுமார் 500இலிருந்து 1000 ஆனதைப் பார்த்துவிட்டுப் போனார். இவர்கள் இல்லாமல் நடந்திருக்காதுதான். ஆனால் இவர்களுக்கு முன் 1867 முதல் 1870 வரை தலைவராக இருந்த சாட்போர்னும் திறமைசாலியே. கையில் காசில்லாத காலத்தில் வந்தார். பெண்கள் ஆண்களோடு உட்கார்ந்து படிக்கக் கூடாது என்று பிடிவாதமாகத் தனிக் கல்லூரி வைத்தவரும் அவரே. அவர் காலத்துப் பெண்கள் விடுதிக்கு 1901இல் பெயர் வைக்க வேண்டி வந்தபோது, அப்போது தற்காலிகத் தலைவராக இருந்த பேர்ஜ், அவர் பிடிவாதத்துக்குத் தண்டனையாக இருக்கட்டும் என்று சாட்போர்ன் விடுதி என்றே பெயர் வைத்தார்.