காற்றின் ஈரம் அசைக்கும் சிற்பம்

கேள்வி: நுண்ணுயிர்கள் வளர்த்துத் தரும் பொருளைக் கொண்டு, மோட்டாரே இல்லாமல் அசையும் சிற்பங்களைச் செய்யலாம் என்கிறார்கள். அங்கே அசைவது உயிரா, பொருளா? வீட்டில் கொம்புச்சா எனும் புளித்த தேநீர் பானத்தின் மேல் படலமாக வளரும் ஆடையே இதற்குப் போதுமா?

பதில்: அசைவது பொருள், அதை அசைப்பது காற்றிலுள்ள ஈரம். பேசில்லஸ் இன பாக்டீரியாக்கள் உணவு தீர்ந்ததும் கெட்டியான உறைக்குள் ஒடுங்கி வித்துகளாகிவிடும். அந்த உறக்கத்தில் அவை உண்பதுமில்லை, பெருகுவதுமில்லை. ஆனாலும் ஈரம் ஏறினால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஓஸ்கூர் சாகின் குழுவினர், மெல்லிய பிளாஸ்டிக் நாடாவின் இரு பக்கங்களிலும் மாறி மாறி இவ்வித்துகளைப் பூசினார்கள். வறண்ட காற்றில் அந்த நாடா அலையலையாக வளைந்து குறுகியது. ஈரக்காற்று பட்டதும் நிமிர்ந்து நீண்டது. வித்துகளின் இந்த விசையைக் கொண்டே சுழலும் சக்கரம் ஒன்றையும் செய்து, சுமார் 100 கிராம் எடையுள்ள சிறு வண்டியை ஓட்டிக் காட்டினார்கள். அந்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. அதே ஆண்டில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஊடக ஆய்வகத்தினர், நாட்டோ எனும் ஜப்பானியப் புளித்த சோயா உணவிலுள்ள பாக்டீரியாவைப் பூசிய துணியில், உடல் வியர்த்ததும் தாமாகத் திறந்துகொள்ளும் சிறு மடல்களை அமைத்தார்கள்.

கொம்புச்சா ஆடை வேறு வகை. இனிப்புத் தேநீரின் மேற்பரப்பில், காற்று படும் இடத்தில், பாக்டீரியாக்கள் சர்க்கரையைச் செல்லுலோஸ் இழைகளாக நூற்று அடுக்குகின்றன. எடுக்கும்போது விரல் தடிமனுக்கு வழுவழுவென்று இருக்கும் தோல், பெரும்பகுதி நீரே என்பதால், உலர்ந்ததும் காகிதமாக மெலிந்து ஓரங்களில் சுருண்டுகொள்கிறது. (வளரும்போதே பச்சையாகவோ கறுப்பாகவோ பூஞ்சணம் தென்பட்டால் அந்தக் கலம் முழுவதையும் கொட்டிவிடுங்கள்.) சிற்பத்துக்கு இது நல்ல உடல், ஆனால் இருபுறமும் ஒரே சீராக ஈரம் குடிப்பதால் நெகிழ்ந்து தொய்யுமே தவிர, நாம் விரும்பும் பக்கம் வளையாது. வளைவு வேண்டுமானால் இரண்டு முகங்களும் ஈரத்தை வெவ்வேறு அளவில் ஏற்க வேண்டும். ஆகவே ஒரு முகத்துக்கு மட்டும் தேன்மெழுகு தடவிப் பாருங்கள். கெட்டுப்போகுமோ என்று அஞ்சி இரு முகங்களையும் மெழுகினால், ஈரத்தோடு அசைவும் நின்றுவிடும்.

இந்தத் தோலுக்கு அடியில் மோட்டாரை ஒளித்துவைத்து, அதையே உயிருள்ள சிற்பம் என்று காட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. சுற்றி நிற்பவர்களின் மூச்சுக்காற்றில் ஒரு மடல் மெல்லத் திறப்பதுதான் இக்கலையின் அழகு. அது எப்போது திறக்கும் என்பதைச் சிற்பி காற்றிடமே விட்டுவிட வேண்டும்.