மூன்று முறை நீட் எழுதியாயிற்று. நான்காவதுக்கு எவ்வளவு செலவழிக்கலாம்?

கேள்வி: எங்கள் ஊர் சிவகாசி. கணவர் ஆப்செட் அச்சகத்தில் மிஷின் ஆபரேட்டர், மாதம் 32,000 ரூபாய். நான் வீட்டிலிருந்து தையல் தைக்கிறேன், 7,000 தேறும். மகள் 2023-ல் பிளஸ் டூ முடித்தாள், 600-க்கு 561. மெட்ரிக் பள்ளி என்பதால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு கிடையாது. பி.சி. பிரிவு. நீட்டில் 2023-ல் 318, 2024-ல் 487, 2025-ல் 421 (உயிரியல் 262, வேதியியல் 98, இயற்பியல் 61). முதல் சுற்றுக் கலந்தாய்வில் இடம் வரவில்லை. ஒரு வருடம் நாமக்கல் பக்கம், ஒரு வருடம் மதுரை என்று விடுதியோடு கோச்சிங் போனதில் 4 லட்சத்துக்கு மேல் செலவு. அதற்காக 11 பவுன் நகை வங்கியில் இருக்கிறது. 4 லட்சம் கடன், 9.5 சதவீத வட்டி. எஃப்.டி. 3 லட்சம், சொந்த வீடு. மகன் பத்தாம் வகுப்பு. "இன்னும் ஒரே ஒரு தடவை" என்கிறாள் மகள். விடுதியோடு 2,60,000 கேட்கிறார்கள். "மார்க் 66 குறைந்துவிட்டது, இனி வராது" என்கிறார் அவள் அப்பா. ஏஜென்ட் ஒருவர் ஜார்ஜியாவில் 28 லட்சத்தில் மருத்துவப் படிப்பை முடித்துவிடலாம், வீட்டுப் பத்திரத்தை வைத்தால் கடன் கிடைக்கும் என்கிறார். கணவருக்கு மனம் அந்தப் பக்கம் சாய்கிறது. பாராமெடிக்கல் கலந்தாய்வுக்கும் விண்ணப்பித்திருக்கிறோம், ஆனால் மகளுக்கு அதில் விருப்பமில்லை. என்ன செய்யலாம்?

பதில்: சகோதரி, முதலில் அப்பாவுக்கும் மகளுக்கும் நடக்கிற வழக்கைத் தீர்த்துவிடுவோம். மார்க் குறைந்தது உண்மை. ஆனால் அதை வைத்து அவள் பின்தங்கிவிட்டாள் என்று சொல்ல முடியாது. 2024-ல் மார்க் எல்லோருக்குமே அள்ளிக்கொண்டு வந்தது. முதலில் வந்த முடிவில் 67 பேர் 720-க்கு 720. வழக்குகளுக்குப் பிறகு திருத்தி வெளியிட்டதிலும் 17 பேர். 2025-ல் வினாத்தாள் கடினம், நாட்டிலேயே முதல் மார்க் 686. அதனால் அந்த ஆண்டு 487 எடுத்தவரைவிட இந்த ஆண்டு 421 எடுத்தவர் முன்னால் நிற்கவும் வாய்ப்பு உண்டு. மூன்று வருட ஸ்கோர் கார்டையும் எடுத்து, மார்க்கை விரலால் மறைத்துக்கொண்டு, அகில இந்திய ரேங்க்கை மட்டும் வரிசையாக ஒரு தாளில் எழுதுங்கள். அப்பா பார்க்க வேண்டியது அந்தத் தாளைத்தான்.

அது பாதி வேலை. மீதி, கீழ்ப்பாக்கம் தேர்வுக் குழு வெளியிட்ட மாநிலத் தரவரிசைப் பட்டியலில் இருக்கிறது. அதில் மகளின் பெயருக்கு நேராக பி.சி. பிரிவு ரேங்க் இருக்கும். கலந்தாய்வுச் சுற்றுகள் முடிந்ததும், அரசுக் கல்லூரியில் பி.சி. பிரிவில் கடைசியாக இடம் வாங்கியவரின் ரேங்க் என்ன என்று ஒதுக்கீட்டுப் பட்டியலில் பாருங்கள். தனியார் கல்லூரி அரசு ஒதுக்கீட்டுக்கும் அப்படியே பாருங்கள். மகளுக்கும் அந்தக் கடைசி ஆளுக்கும் நடுவில் எத்தனை பேர்? கடைசி ரேங்க் ஆயிரம் என்று வைத்துக்கொண்டால் மகள் 1,200-க்குள் இருந்தால் நான்காவது முயற்சியைப் பற்றிப் பேசலாம். 2,000-த்தில் இருந்தால் பேசவே வேண்டாம். இது சட்டமில்லை, இத்தனை வருடத்தில் பல வீடுகளின் கணக்கைப் பார்த்து நான் வைத்துக்கொண்ட அளவுகோல். "நீட்டில் தேர்ச்சி பெற்றுவிட்டாளே" என்று சொந்தக்காரர்கள் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். 2025-ல் நாடு முழுவதும் 12 லட்சம் பேருக்கு மேல் தேர்ச்சி, எம்.பி.பி.எஸ். இடங்களோ ஏறக்குறைய ஒன்றேகால் லட்சம்தான்.

அடுத்து, இயற்பியல் 61. நான் வாத்தியார் இல்லை, ஆனால் ரசீது பார்க்கத் தெரியும். இரண்டு வருடமாக மூன்று பாடத்துக்கும் சேர்த்துப் பணம் கட்டியிருக்கிறீர்கள். உயிரியலில் 360-க்கு 262 எடுக்கிற பிள்ளைக்கு இயற்பியலில் 180-க்கு 61 வருகிறதென்றால், ஓட்டை எங்கே என்று தெரிகிறது. அதே ஓட்டையோடு இன்னொரு ஊரில், இன்னொரு விடுதியில், மறுபடி முதல் பாடத்திலிருந்து எல்லாவற்றையும் உட்கார்ந்து கேட்க 2,60,000 ரூபாயா? அந்தத் தொகையோடு நகைக்கடன் வட்டி வருடத்துக்கு 38,000 சேர்த்தால் 2,98,000. உங்கள் வீட்டு வருட வருமானம் 4,68,000. கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன்: உங்கள் குடும்பத்தை இந்த மூன்று லட்சம் கவிழ்த்துவிடாது. கஷ்டப்படுத்தும், அவ்வளவுதான். எனக்குப் பயம் அந்த ஏஜென்ட் மேல்தான்.

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் என்னிடம் வந்திருந்தார். மஞ்சப்பையிலிருந்து அடகு ரசீதுகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் அடுக்கினார். பையன் மூன்று தடவை நீட் எழுதியிருந்தான். அந்த மூன்று வருடத்து ரசீதுகள் எல்லாம் சின்னச் சின்னத் தொகை: நாற்பதாயிரம், அறுபதாயிரம். கடைசி ரசீதுதான் பெரிது. தேதி அக்டோபர். கலந்தாய்வு முடிந்து, எங்கும் இடமில்லை என்று உறுதியாகி, தெருவில் எல்லோரும் விசாரிக்கிற மாதம். அந்த மாதத்தில் ஏஜென்ட் போன் போட்டிருக்கிறார். மூன்று வருடம் நாற்பதாயிரத்துக்கு யோசித்த மனிதர், பத்தே நாளில் நிலத்தை விற்று வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டார். பையன் படித்துத் திரும்பி வந்துவிட்டான். இங்கே எழுத வேண்டிய தேர்வை இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறான். பிள்ளை தோற்றுத் தோற்றுக் களைத்துப்போகிறாள், பெற்றவர்களும் களைக்கிறார்கள். களைத்த மனிதர் போடும் கையெழுத்து இருக்கிறதே, அதற்குத்தான் நான் பயப்படுகிறேன். உங்கள் கணவர் இப்போது அந்த இடத்தில்தான் நிற்கிறார் என்று நினைக்கிறேன்.

அந்த 28 லட்சத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். கட்டணம் டாலரில். ரூபாய் இறங்க இறங்க ஐந்தாம் வருடக் கட்டணம் முதல் வருடத்தைவிடக் கூடும். ஏஜென்ட் தரும் நோட்டீஸில் அது இருக்காது. கல்விக் கடனில் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் பொதுவாக அடமானம் கேட்கும், அதனால்தான் வீட்டுப் பத்திரம். கையிலிருந்து 3 லட்சம் போட்டு, 25 லட்சத்தை 11 சதவீதத்தில் வாங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். பணம் வருடாவருடம் பிரித்துத்தான் போகும், ஆனாலும் படிக்கிற ஆறு வருடமும் அப்புறம் ஒரு வருடமும் வட்டி கட்டாமல் விட்டால், திருப்பிக் கட்ட ஆரம்பிக்கும்போது கடன் 36 லட்சத்துக்கு வந்து நிற்கும். பத்து வருடத்தில் அடைக்க மாதத் தவணை ஏறக்குறைய 50,000. இன்று உங்கள் இருவர் வருமானமும் சேர்ந்து 39,000.

"அதற்குள் அவள் டாக்டராகிவிடுவாளே" என்பீர்கள். 2021-ல் வந்த விதிப்படி வெளிநாட்டில் குறைந்தது 54 மாதப் படிப்பு, அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சி, பிறகு இந்தியாவில் தகுதித் தேர்வு, அதில் தேறிய பிறகு இங்கே இன்னும் 12 மாதப் பயிற்சி. எல்லாம் பத்து வருடத்துக்குள் முடிய வேண்டும். தகுதித் தேர்வில் 300-க்கு 150 வாங்கினால் போதும். இருந்தும் 2024 ஜூனில் நடந்ததில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான் தேறினார். அந்தத் தேர்விலும் இயற்பியல் மாதிரி ஒரு பாடம் காலை வாரினால், தவணை தொடங்கிவிடும், சம்பளம் தொடங்காது. இன்னொன்று: தேசிய மருத்துவ ஆணையம் (என்.எம்.சி.) வெளிநாட்டுக் கல்லூரி எதற்கும் ஒப்புதல் கொடுத்துப் பட்டியல் போடுவதில்லை. "என்.எம்.சி. அப்ரூவ்டு" என்று நோட்டீஸில் அச்சடித்திருந்தால் அந்த ஏஜென்டிடம் அதற்கு மேல் பேச்சு வேண்டாம். அச்சகத்தில் வேலை பார்ப்பவருக்குத் தெரியாதா, காகிதத்தில் எதை வேண்டுமானாலும் அடிக்கலாம் என்று! முன்பதிவுப் பணம், இருபதாயிரமாக இருந்தாலும், கொடுக்காதீர்கள்.

எல்லா வெளிநாட்டுப் படிப்பும் வீண் என்று நான் சொல்லவில்லை. வீட்டை வைக்காமல் அந்தத் தொகையைக் கட்ட முடிகிறவர்களுக்கு அது வேறு கணக்கு. இங்கேயே தனியார் கல்லூரி நிர்வாக ஒதுக்கீட்டை நீங்கள் கேட்கவில்லை, நல்லதாயிற்று; வருடத்துக்குப் பதின்மூன்று லட்சத்துக்கு மேல் என்றால் நாலரை வருடத்துக்கு என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிக்கொள்வீர்கள்.

சரி, என் யோசனை. பாராமெடிக்கல் கலந்தாய்வுக்கு அழைப்பு வந்தால் போங்கள். 561 நல்ல மார்க். அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங், பி.பி.டி. (பிசியோதெரபி), ரேடியோகிராபி, கார்டியாக் டெக்னாலஜி என்று எது கிடைத்தாலும் கட்டணத்துக்காகக் கடன் வாங்க வேண்டியிருக்காது. இனிக்க இனிக்கப் பேச மாட்டேன்: தனியார் மருத்துவமனைகளில் இவர்களுக்கு ஆரம்பச் சம்பளம் குறைவு, டாக்டர் கனவோடு மூன்று வருடம் இருந்த பெண்ணுக்கு டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பது வலிக்கும். ஆனால் நர்சிங் முடித்தவர்களுக்கு எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு வழியாக அரசு வேலை, வளைகுடா, ஐரோப்பா என்று கதவுகள் இருக்கின்றன. உண்மையாகவே விருப்பமில்லையென்றால் கட்டாயப்படுத்தாதீர்கள். கால்நடை மருத்துவம் பற்றி அவளிடம் யாராவது சொன்னார்களா? தமிழ்நாட்டில் பி.வி.எஸ்சி. மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் வேண்டாம், பிளஸ் டூ மார்க்தான். இந்த வருட விண்ணப்பம் முடிந்துவிட்டது. அடுத்த வருடத் தகவல் கையேட்டில் வயது வரம்பையும் தகுதியையும் பார்த்துவிட்டு அந்த விண்ணப்பத்தையும் போடச் சொல்லுங்கள்.

படிப்பில் சேர்ந்துகொண்டே நான்காவது தடவை எழுதலாமா என்றால், எழுதலாம். கஷ்டம்தான். மருத்துவமனை டியூட்டியும் முதல் வருடப் பரீட்சையும் நடுவில் வரும். சேருவதற்கு முன், பாதியில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், அசல் சான்றிதழ்கள் எப்போது கைக்கு வரும் என்று தகவல் கையேட்டில் பாருங்கள். கல்லூரி அலுவலகத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள். இதை விசாரிக்காமல் சேர்ந்துவிட்டு, மறு வருடம் எம்.பி.பி.எஸ். இடம் கிடைத்தும் சான்றிதழுக்காக அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

ரேங்க் இடைவெளி சின்னதாக இருந்து, அவள் முழு வருடமும் வீட்டிலிருந்தே படிக்கிறேன் என்றால் அதற்கும் நான் தடை சொல்ல மாட்டேன். ஆனால் தொகை 50,000. விடுதி கிடையாது. இயற்பியலுக்கு மட்டும் சிவகாசியிலோ விருதுநகரிலோ நல்ல ஆசிரியர் ஒருவர், மாதம் மூவாயிரமோ நாலாயிரமோ. மீதியில் மாதிரித் தேர்வுகளும் விண்ணப்பக் கட்டணமும். பழைய மெட்டீரியல் இரண்டு வருடத்துக்குரியது பரணில் இருக்கும், புதிதாக வாங்க வேண்டாம். ஜனவரி கடைசியில் இயற்பியல் மாதிரித் தேர்வுகளில் 100-ஐத் தொடாவிட்டால் ஆசிரியர் செலவு அத்தோடு நிற்கும் என்று இப்போதே மகளோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். மே மாதப் பரீட்சையை அவள் எழுதட்டும், அது வேறு விஷயம். நீட்டுக்கு இருந்த வயது உச்சவரம்பை 2022-ல் எடுத்துவிட்டார்கள், எத்தனை முறை எழுதலாம் என்பதற்கும் கணக்கில்லை. ஆகவே போதும் என்று வெளியிலிருந்து யாரும் சொல்லப் போவதில்லை.

நகைக்கு வருகிறேன். எஃப்.டி.யில் உங்களுக்கு வருவது ஆறரை, ஏழு சதவீதம். நகைக்கடனுக்குக் கொடுப்பது ஒன்பதரை. 3 லட்சத்தில் ஒரு லட்சத்தை ஆத்திர அவசரத்துக்கு வைத்துக்கொண்டு, 2 லட்சத்தைக் கடனில் கட்டிப் பாதி நகையை மீட்டுவிடுங்கள். எஃப்.டி.யை முன்கூட்டியே உடைத்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதிர்வுக்கு இரண்டு மூன்று மாதம்தான் என்றால் பொறுக்கலாம். வருடாவருடம் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைப்பதை நிறுத்துங்கள், மாதம் 3,000 என்றாலும் அசலில் கழியட்டும். மகன் இரண்டரை வருடத்தில் பிளஸ் டூ முடிப்பான். அவனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டும் ஜூன் மாதத்தில் அந்த 11 பவுனும் பீரோவில் இருக்க வேண்டும்.

கடைசியாக, தரவரிசைப் பட்டியலை நீங்களோ கணவரோ பார்க்க வேண்டாம். மகளே தேடி எடுத்து, அந்த இரண்டு ரேங்க்கையும் அவள் கையால் எழுதட்டும். எழுதிய தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், மேலே பேசலாம். அதுவரை வீட்டுப் பத்திரம் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். ஏஜென்டுக்கு நகல்கூட வேண்டாம்.