அந்தக் கிலோவாட்டை யார் எழுதியது?

கேள்வி: என் டர்போ காரின் எஞ்சின் கணினியை டியூன் செய்ய 9,000 ரேண்ட் கொடுத்தேன். "40 கிலோவாட் கூடியிருக்கிறது" என்று மடிக்கணினியில் வரைபடம் காட்டினார்கள். ஓட்டினால் அப்படித் தெரியவில்லை, ஐயா. – சாட்ஸ்வொர்த்

பதில்: தம்பி, மடிக்கணினியில் அந்த வரைபடத்தைப் போடும் மென்பொருள் எஞ்சினின் பலத்தை நேரடியாக அளப்பதில்லை. சுழற்சி வேகம் எத்தனை விநாடியில் எவ்வளவு ஏறியது என்ற பதிவை மட்டும் காரிலிருந்து எடுக்கிறது. காரின் எடை, கியர் விகிதம், டயர் அளவு, காற்றுத் தடை எல்லாம் ஒருவர் உட்கார்ந்து தட்டச்சு செய்பவை. மீதி பெருக்கல் கணக்கு. 1,200 கிலோ காருக்கு 1,400 என்று போட்டால் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு சக்தி தானாகக் கூடிவிடும். 1,300 கிலோ கார் 100 கிலோமீட்டர் வேகத்தில், நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் சாலையில் போனாலே மூன்றரைக் கிலோவாட் இனாம்.

என் நெடுநாள் கோபமே இதுதான்: டியூன் செய்வதற்கு முன் எடுத்த பதிவை ஏன் யாரும் கேட்பதில்லை? அதே சாலை, அதே கியர், அதே எரிபொருள் அளவு, அதே ஆட்கள், போகவும் வரவும் ஒவ்வொரு முறை. இப்படி எடுத்த இரண்டு பதிவுகளை ஒப்பிட்டால் கூடியது எவ்வளவு என்று ஓரளவு நம்பலாம். பின்னால் எடுத்த ஒற்றை வரைபடத்தை நம்பக் கூடாது.

2014-இல் பழைய கார் வாங்கியபோது எனக்கும் இதே போன்ற படம்தான் காட்டினார்கள். எடைக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. பிறகு எடைமேடையில் நிறுத்தியபோது 300 கிலோ வித்தியாசம். அந்தக் காருக்குக் கொடுத்தது மகளின் படிப்புக்கு வைத்திருந்த பணம். இன்றும் வலிக்கிறது.

நீங்கள் மூலப் பதிவையும் உள்ளிட்ட எண்களையும் எழுத்தில் கேளுங்கள். வேலை தரமாக இல்லையென்றால் குறையைச் சரிசெய்யவோ, கட்டணத்தில் நியாயமான பகுதியைத் திருப்பித் தரவோ கேட்க தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு இடம் தருகிறது.

கேள்வி: டர்போ இல்லாத என் கார் இங்கே 98 கிலோவாட் காட்டுகிறது. டர்பனில் அத்தையின் கார், அதே மாடல், 118. விற்றவர் ஏமாற்றினாரா? – லெனேசியா

பதில்: இல்லை. உங்கள் ஊர் கடல் மட்டத்திலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேலே இருக்கிறது. அங்கே காற்று மெலிந்திருப்பதால் டர்போ இல்லாத எஞ்சின் ஆறில் ஒரு பங்கு வரை இழக்கும். மென்பொருளில் இந்த இழப்பைக் கூட்டிக் காட்டும் உயரத் திருத்தம் என்று ஒன்று உண்டு. இழப்பைப் பெருமளவு தானே ஈடுசெய்துகொள்ளும் டர்போ காருக்கும் அதை அப்படியே போட்டு எண்ணை ஊதிக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். டர்போ கார் வாங்கும் நாளில் நினைவில் வையுங்கள்.

கேள்வி: சக்தி அளந்த தாளில் நிமிடத்துக்கு 6,000 சுழற்சியில் முறுக்குவிசை 300 நியூட்டன் மீட்டர், உச்ச சக்தி 140 கிலோவாட். எதை நம்புவது? – டொங்காட்

பதில்: 300-ஐ 6,000-ஆல் பெருக்கி 9,549-ஆல் வகுங்கள். 188 கிலோவாட் வருகிறது. உச்சமே 140 என்றால் இரண்டும் பொருந்தாது. தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: தனிநபரிடம் "ஃபுட்ஸ்டூட்ஸ்" என்று கையெழுத்திட்டு வாங்கினேன். செயலியில் 150 குதிரைத்திறன் காட்டியதால் ஓட்டிப் பார்க்கவில்லை. திருப்பித் தரலாமா? – பீனிக்ஸ்

பதில்: ஓட்டிப் பார்க்காமலா? இருக்கிறபடியே ஏற்கிறேன் என்று கையெழுத்தும் போட்டிருக்கிறீர்கள். தெரிந்தே அவர் குறையை மறைத்தார் என்று நிரூபித்தால்தான் வழி உண்டு.

கேள்வி: டியூன் செய்ததைக் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டுமா? – வெருலம்

பதில்: இன்றே, எழுத்தில்.

கேள்வி: கணவர் போன பிறகு விற்பனை நிலையத்தில் வாங்கிய பழைய கார், நான்கு மாதமாகிறது, மேட்டில் ஏற மறுக்கிறது. மென்பொருளில் பார்த்துவிட்டு, "சக்தி குறைவு, 6,000 ரேண்ட் கொடுத்தால் டியூன் செய்கிறோம்" என்கிறார்கள். – பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: ஒரு சென்ட் கூடக் கொடுக்காதீர்கள் அம்மா. பழுதான எஞ்சினை டியூன் செய்வது நோயாளியை ஓடச் சொல்வது போல. சக்தி குறைவு என்று அவர்களே சொன்னதை எழுதி வாங்குங்கள். குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பித் தர அதே சட்டத்தின் 56-ஆம் பிரிவு உரிமை தருகிறது. பழுதுபார்ப்பா, மாற்றுக் காரா, பணமா என்று தேர்ந்தெடுப்பது நீங்கள். மறுத்தால் மோட்டார் தொழில் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யுங்கள். இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது. கடிதம் இந்த வாரமே போகட்டும்.