கோஷர் பலகையில் எதைப் படிக்க வேண்டும்? நியூயார்க் வாசகர்களின் கேள்விகள்

கேள்வி: குயின்ஸில், ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில் பக்கம் குடியிருக்கிறோம். முட்டைகூடச் சேர்க்காத சைவம். மெயின் ஸ்ட்ரீட்டில் தெற்கே போனால் கியூ கார்டன்ஸ் ஹில்ஸில் கோஷர் பீட்சா கடை, பேக்கரி என்று நிறைய இருக்கின்றன. கோஷர் கடை என்றால் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாம் என்கிறார் பக்கத்து வீட்டு மாமி. சரியா?

கண்ணைத் திறந்துகொண்டு சாப்பிடலாம். யூத மத உணவு விதிகளான கோஷர் முறை உணவை மூன்றாகப் பிரிக்கிறது: இறைச்சி, பால், இரண்டிலும் சேராத 'பரேவ்'. இறைச்சியும் பாலும் ஒரே அடுப்படியில் கலக்கக் கூடாது என்பதால், 'டெய்ரி' என்று சான்றிதழ் வாங்கிய கடைக்குள் ஆடு, மாடு, கோழி எதுவும் நுழையாது. சாதாரண அமெரிக்க ஹோட்டலில் கிடைக்காத உத்தரவாதம் இது. மாமி சொல்வதில் அந்த அளவுக்கு உண்மை உண்டு.

சிக்கல் எங்கே என்றால், மீனும் முட்டையும் இவர்கள் கணக்கில் பரேவ். அதனால் டெய்ரி கடையில் டூனா சாண்ட்விச்சும் பொரித்த மீனும் இருக்கும். மீன் பொரித்த எண்ணெயிலேயே உருளைக்கிழங்கு வறுவலையும் பொரிக்க விதி தடை சொல்வதில்லை. 'ஃபிரெஞ்சு ஃப்ரைக்குத் தனி எண்ணெயா?' என்று கேட்காமல் வாங்க வேண்டாம். 'இறைச்சி' என்று சான்றிதழ் வாங்கிய உணவகம் என்றால் அதே எண்ணெயில் கோழி ஷ்னிட்செல் பொரிந்திருக்கலாம். அங்கே ஃபலாஃபல் கேட்பதில் அர்த்தமில்லை.

இன்னும் சிலவற்றில் கவனம் தேவை. சீசர் சாலட் கலவையிலும் ஊஸ்டர் சாஸிலும் நெத்திலி போன்ற சிறு மீன் சேரும். மார்ஷ்மெல்லோ, ஜெல்லி வகைகளில் கோஷர் ஜெலட்டின் இருக்கும். அது மீனிலிருந்தோ, முறைப்படி அறுத்த மாட்டிலிருந்தோ எடுத்ததாக இருக்கலாம். பீட்சாவின் சீஸ் பெரும்பாலும் நுண்ணுயிர் ரெனட்டில் (பாலை உறையவைக்கும் பொருள்) உறைந்ததுதான். ஆனால் முறைப்படி அறுத்த விலங்கின் ரெனட்டைக் கோஷர் அடியோடு விலக்கவில்லை. கண்டிப்பாக இருப்பவர்கள் சீஸ் பொட்டலத்தைக் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள். உருளைக்கிழங்கு கூகல் பார்க்கக் கிழங்கு அடை மாதிரி இருக்கும், உள்ளே முட்டை நிச்சயம். இதற்கு நேர்மாறாக, 'கோழிச் சுவை' என்று எழுதிய பரேவ் சூப் பொடியில் கோழியே இருக்காது.

மொத்தத்தில் முட்டையை விலக்குபவருக்கு டெய்ரி கடையில் பீட்சா, சீஸ் சேர்த்த பாஸ்தா, ஹம்மஸ், தனி எண்ணெய் என்று உறுதியானால் ஃபலாஃபல். இவ்வளவுதான் கவலையில்லாத பட்டியல்.

கேள்வி: பேக்கரியில் 'பரேவ்' கேக்கை எக்லெஸ் என்று நினைத்து வாங்கிவிட்டோம். கடைக்காரரும் 'நோ டெய்ரி' என்றுதான் சொன்னார். முட்டையில்லாமல் அங்கே என்ன வாங்கலாம்?

பரேவ் கேக்கில் பாலும் வெண்ணெயும்தான் இல்லை. இறைச்சிச் சாப்பாட்டுக்குப் பிறகு பரிமாற வேண்டும் என்பதற்காக மார்கரினோ எண்ணெயோ ஊற்றிச் செய்வார்கள். முட்டை தாராளமாகவே விழும். ஒவ்வொரு முட்டையாக உடைத்து, ரத்தப் பொட்டு இருக்கிறதா என்று பார்த்துச் சேர்க்கும் அளவுக்கு முட்டையோடு பழகிய சமையல் அது. எக்லெஸ் கேக்கை அங்கே தேடாதீர்கள். இந்தியக் கடைகளே மேல்.

பாபகா, ருகலாக், கறுப்பு-வெள்ளைக் குக்கி, பூரிம் பண்டிகைச் சமயத்து ஹமன்டாஷன் எல்லாவற்றிலும் முட்டை வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பின்னல் ரொட்டியான ஹாலாவில் 'வாட்டர் ஹாலா' என்று ஒரு வகை உண்டு. மாவில் முட்டை கிடையாது. ஆனால் மேலே பளபளப்புக்கு முட்டை தடவுவது வழக்கம். ஆகவே இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: மாவில் முட்டை உண்டா, மேலே தடவியிருக்கிறதா? இரண்டாவதைப் பலர் கேட்பதில்லை. ரை ரொட்டி, பியாலி, சாதா பேகல் ஆகியவை பெரும்பாலும் மாவு, தண்ணீர், ஈஸ்ட், உப்பு, கொஞ்சம் மால்ட் என்று முடிந்துவிடும். 'எக் பேகல்' என்று தனியாக மஞ்சளாக இருப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

வெண்ணெய் வாசனையை எதிர்பார்த்து வாங்கி ஏமாறுகிறவர்களும் உண்டு. க்ரீம் சீஸ் மாவில் செய்த ருகலாக் ஒன்று, மார்கரினில் செய்தது ஒன்று; சுவை வேறு வேறு. தட்டில் 'டெய்ரி' என்று குறிப்பு இல்லையென்றால் பெரும்பாலும் பரேவ்தான், ஆனாலும் கேட்டுக்கொள்ளுங்கள். குக்கி வகைகள் பவுண்டு கணக்கில்தான். டப்பாவை அவர்களே நிரப்பினால் இரண்டு பவுண்டை எளிதாகத் தாண்டும், முதலிலேயே 'அரை பவுண்டு போதும்' என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: என் மகனுக்குப் பால் அலர்ஜி. பரேவ் முத்திரை இருந்தால் போதுமா?

போதாது. பரேவ் என்பது மத விதியின் தீர்ப்பு, ஆய்வுக்கூடத்தின் தீர்ப்பல்ல. பால் ஓடிய இயந்திரத்தை விதிப்படி சுத்தம் செய்து அதில் பரேவ் சாக்லேட் செய்யலாம். அலர்ஜிக்காரருக்கு அந்த மிச்சத் துளியே போதும். முத்திரையை முதல் சல்லடையாக வைத்துக்கொண்டு, பொருள் பட்டியலையும் 'பால் இருக்கலாம்' என்ற எச்சரிக்கை வரியையும் கட்டாயம் படியுங்கள்.

குறிகளில் குழப்பமும் உண்டு. வட்டத்துக்குள் 'யு' எழுத்துள்ள ஓயு முத்திரைக்குப் பக்கத்தில் 'டி' இருந்தால் பால். பால் சேராமல், பால் இயந்திரத்தில் மட்டும் ஓடியதற்கும் அதே 'டி' இருக்கலாம். சில பொட்டலங்களில் அதை 'டி.இ.' (டெய்ரி எக்விப்மென்ட்) என்று பிரித்துக் காட்டுவதும் உண்டு. முத்திரைக்குப் பக்கத்தில் 'பி' இருந்தால் பரேவ் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாஸோவர் பண்டிகைக்கு உகந்தது என்பதற்கான குறி; அதே பொட்டலத்தில் பால் இருக்கலாம். 'நான்-டெய்ரி' என்று பெரிதாக எழுதிய காபி க்ரீமரைத் திருப்பிப் பாருங்கள். பல வகைகளில் சோடியம் கேசினேட் இருக்கும், அது பால் புரதம். கோஷர் முத்திரையிலும் 'டி' நிற்கும். முன்பக்க விளம்பரத்தைவிட அந்த ஒற்றை எழுத்து நேர்மையானது.

பேக்கரியில் திறந்த தட்டில் இருப்பவற்றுக்கு இந்தப் பாதுகாப்பும் கிடையாது. ஒரே இடுக்கி எல்லாத் தட்டுக்கும் போகும். எள் அலர்ஜி உள்ளவர்களுக்கு ஹாலா, பேகல் இரண்டும் ஆபத்து. 2023 ஜனவரி 1 முதல் பொட்டல உணவில் எள்ளையும் அலர்ஜிப் பொருளாகக் குறிப்பிட வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம்.

கேள்வி: டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு புருக்ளின் பாரோ பார்க் வரை போனோம். பதின்மூன்றாம் அவென்யூ முழுக்க ஷட்டர். எப்போது போனால் நல்லது?

வியாழன் இரவு, இல்லையென்றால் வெள்ளி காலை. யூதர்களின் வாராந்தர ஓய்வு நாளான சபாத் வெள்ளியன்று சூரியன் மறைவதற்கு முன்பே தொடங்கிவிடும். விளக்கேற்றுவது வழக்கமாக மறைவுக்கு 18 நிமிடம் முன்னால். டிசம்பரில் நியூயார்க்கில் சூரியன் நாலரை மணியளவில் மறைகிறது. கடைக்காரர் வீட்டுக்குப் போய்க் குளித்துத் தயாராக வேண்டுமே, மதியம் ஒன்றிலிருந்து இரண்டுக்குள் பூட்டிவிடுவார்கள். ஜூனில் மறைவு எட்டரை என்பதால் பிற்பகலிலும் கிடைக்கும். சனிக்கிழமை பகல் முழுக்க இல்லை. குளிர்காலத்துச் சனி இரவில் பீட்சா கடைகள் திறந்து நள்ளிரவு வரை ஓடும், கூட்டமும் அப்போதுதான்.

வருடத்தில் இன்னும் சில பொறிகள். வசந்தத்தில் பாஸோவர் எட்டு நாளும் புளித்த மாவு கூடாது, பேக்கரிகள் பெரும்பாலும் மூடிவிடும். கோடையில் டிஷா பாவ் துக்க நாளோடு முடியும் ஒன்பது நாள்களில் இறைச்சி உண்ணும் வழக்கம் இல்லை. இறைச்சி உணவகங்கள் மீனுக்கு மாறும் அல்லது விடுமுறை விடும். செப்டம்பர்-அக்டோபரில் யூதப் புத்தாண்டு, யோம் கிப்பூர், சுக்கோட் என்ற விசேஷ நாள்கள் அடுத்தடுத்து வரும். அந்த மாதத்தில் தொலைபேசியில் கேட்காமல் கிளம்பவே வேண்டாம். கூகுளில் காட்டும் நேரத்தை நம்பாதீர்கள்.

கேள்வி: அலுவலகத்தில் ஒரு யூத நண்பருக்கும் சேர்த்துச் சாப்பாடு சொல்ல வேண்டும். 'கோஷர்' என்று பலகை இருந்தால் போதுமா?

முதலில் அவரையே கேளுங்கள்: 'எந்த முத்திரையை ஏற்பீர்கள்?' கேட்டால் வருத்தப்பட மாட்டார், கேட்காமல் வாங்கி வைத்தால்தான் அவர் தர்மசங்கடப்படுவார். 'கோஷர் ஸ்டைல்' என்பது கோஷர் அல்ல. 1888இல் தொடங்கிய கட்ஸ் டெலி யூத உணவுக்குப் பேர்போனது, ஆனால் அங்கே இறைச்சியோடு சீஸ் வைத்த சாண்ட்விச்சும் உண்டு, சனிக்கிழமையும் திறந்திருக்கும். கோஷர் கடை என்று அது சொல்லிக்கொள்வதும் இல்லை. பொட்டலத்தில் வெறும் 'கே' எழுத்து மட்டும் இருந்தால், யார் கண்காணித்தார் என்பது அதிலிருந்து தெரியாது; தயாரிப்பாளர் தானே சொல்லிக்கொள்வதாகவும் இருக்கலாம்.

கடையில் பார்க்க வேண்டியது வாசல் அல்லது கல்லாப் பக்கம் மாட்டிய சான்றிதழ். கடையின் பெயரும் முகவரியும் பொருந்துகிறதா (ஒரு கிளைக்கு வாங்கியது இன்னொரு கிளைக்குச் செல்லாது), இறைச்சியா டெய்ரியா, எந்தத் தேதி வரை, யார் கொடுத்தது. 'கிளாட்' என்ற சொல் மாட்டின் நுரையீரல் சோதனையைச் சேர்ந்தது. 'கிளாட் சிக்கன்' என்ற பலகைக்காக அதிகம் கொடுக்க வேண்டியதில்லை.

வந்த பெட்டியைப் பிரிக்காமல், முத்திரை ஒட்டியபடியே அவரிடம் கொடுங்கள். அலுவலக மைக்ரோவேவில் சூடாக்கி உதவ நினைக்க வேண்டாம். கரண்டி, தட்டு புதிய பிளாஸ்டிக்கில் இருக்கட்டும்.

விலை அதிகமாக இருக்கிறதே என்று கேட்பீர்கள். நியாயமான காரணங்கள் உண்டு. அறுத்தபின் சோதனையில் தேறாத மாடுகள் கழிந்துவிடும், பின்தொடைப் பகுதி அமெரிக்காவில் பெரும்பாலும் கோஷர் சந்தைக்கு வருவதே இல்லை, கறியை அரை மணி ஊறவைத்து ஒரு மணி நேரம் உப்பில் வைக்க வேண்டும், கண்காணிக்கும் மஷ்கியாக்குக்குச் சம்பளம். கீரை, காலிஃபிளவரில் பூச்சி பார்ப்பதும் தனி வேலை. 2004இல் நியூயார்க் குழாய்த் தண்ணீரிலேயே கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத சிறு உயிரிகள் இருப்பது பெரிய விவாதமானபின், வடிகட்டிய தண்ணீர்தான் என்று அறிவிப்பு வைக்கும் கடைகளும் உண்டு.

கேள்வி: லெக்சிங்டன் அவென்யூ பக்கம் நம் ஊர் சைவ ஹோட்டலில் கோஷர் சான்றிதழ் பார்த்தேன். தோசை மாறிவிடுமா?

சுவையில் மாறாது. நெய், தயிர், பனீர் இருப்பதால் அது டெய்ரி வகை. இறைச்சி, மீன் இல்லாத சமையலறை என்பதால் சான்றிதழ் வாங்குவது மற்றவர்களைவிடச் சுலபம். யூதர் ஒருவர் சமையலில் பங்கு கொள்ள வேண்டும் என்ற விதிக்காக மஷ்கியாக் வந்து அடுப்பைப் பற்றவைப்பார், மற்றதெல்லாம் நம் சமையல்காரர் கையில். உரிமையாளர் யூதர் அல்லாதவர் என்றால் சனிக்கிழமையும் திறந்திருக்கலாம். அரிசியும் உளுந்தும்கூட பாஸோவரில் அஷ்கனாசி (ஐரோப்பிய வழிவந்த) யூதர்களுக்கு விலக்கு, எனவே அந்த வாரம் உங்களுக்கு மேசை சுலபமாகக் கிடைக்கும்.

முட்டையில்லாத சைவக்காரருக்கு ஊரில் உள்ள கோஷர் கடைகளிலேயே கவலை குறைந்தது இந்த வகைதான்.

கேள்வி: பில்லில் கார்டுக்குத் தனிக் கட்டணம், பேகலுக்கு ஒரு நாள் வரி, ஒரு நாள் வரி இல்லை. ஏமாற்றுகிறார்களா?

பேகலில் ஏமாற்று இல்லை. முழு பேகலை அப்படியே வாங்கிக்கொண்டு போனால் வரி கிடையாது. கடைக்காரர் அறுத்தாலோ, க்ரீம் சீஸ் தடவினாலோ, நீங்கள் அங்கேயே உட்கார்ந்து தின்றாலோ நகரத்தில் 8.875 சதவீதம். வீட்டில் கத்தி இருந்தால் அறுக்கச் சொல்லாதீர்கள்.

கார்டு விஷயம் வேறு. 2024 பிப்ரவரி 11 முதல் நியூயார்க் மாநிலத்தில், கார்டுக்கு அதிகம் வாங்குவதானால் கார்டு விலையை முழுத் தொகையாக முன்கூட்டியே காட்ட வேண்டும். 'கார்டுக்கு 3 சதவீதம் கூடுதல்' என்று கல்லாவில் ஒரு சீட்டு ஒட்டினால் போதாது, கார்டு நிறுவனம் கடையிடம் பிடிப்பதற்கு மேல் வாங்கவும் கூடாது. மறுத்தால் விலைப்பட்டியலையும் பில்லையும் படம் எடுத்துக்கொண்டு மாநில நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் புகார் கொடுங்கள்.

கரப்பான், கெட்டுப்போன உணவு என்றால் நகரத்தின் புகார் எண் 311. சன்னலில் உள்ள ஏ, பி, சி சுகாதாரத் துறையுடையது. 13 புள்ளி வரை ஏ, 14 முதல் 27 வரை பி. கோஷர் சான்றிதழுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். சான்றிதழ் காலாவதி அல்லது பொய் என்று சந்தேகம் வந்தால் அதைக் கொடுத்த நிறுவனத்தின் எண்ணை அழையுங்கள். மாநில வேளாண்மை, சந்தைத் துறையும் கோஷர் புகார்களை ஏற்கிறது.