குறிப்புக் கட்டுக்குள் ஒளித்து வைத்த அறிக்கை

கேள்வி: எனக்கு வயது 48. சென்ற மாதம் எடுத்த மமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) அறிக்கையில் ‘பைராட்ஸ் 0, திசு அடர்த்தி அதிகம், அல்ட்ராசவுண்ட் ஸ்கான் தேவை’ என்று இருக்கிறது. 0 என்றால் ஒன்றுமில்லை என்றுதானே பொருள்? மகளுக்குச் சம்பந்தம் பேசுவதால் அதை அவளுடைய சாதகக் குறிப்புக் கட்டோடு வைத்திருக்கிறேன். என் அம்மா 1994இல் மார்பில் கட்டி வந்து 44 வயதில் காலமானார். குடும்பத்தில் யாருக்கும் இருந்ததா என்று வைத்தியர் கேட்டபோது இல்லை என்று சொல்லிவிட்டேன். தை பிறந்த பிறகு ஸ்கான் செய்யலாமா?
– பெயர் வேண்டாம், சுன்னாகம்

பதில்: தங்கச்சி, பைராட்ஸ் என்பது மார்பகப் படத்தின் முடிவைக் குறிக்கும் எண். அதில் 0 என்றால் ஒன்றுமில்லை என்பதல்ல, இந்தப் படத்தை வைத்து முடிவு சொல்ல இயலாது என்பதே பொருள். ஒன்றுமில்லையென்றால் 1 என்று எழுதியிருப்பார்கள். அடர்த்தியான திசுவும் கட்டியும் மமோகிராமில் ஒரே வெள்ளையாகத் தெரிவதால், பாலுக்குள் விழுந்த சோற்றுப் பருக்கையைத் தேடுவது போன்ற வேலை அது. ஒலியலையால் பார்க்கும் ஸ்கானோ, நீர் நிறைந்த கட்டியா திண்மமான கட்டியா என்று பிரித்துக் காட்டும். அதில் கதிர்வீச்சும் இல்லை. இப்படி மீண்டும் அழைக்கப்படுவோரில் பெரும்பாலானோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் அதைச் சொல்லி உங்களைத் தேற்ற எனக்கு மனமில்லை. அதையே சாட்டாக வைத்துத் தை வரைக்கும் தள்ளிவிடுவீர்கள்.

எனக்கு ஆறாதது நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த ‘இல்லை’தான். பெற்ற தாய்க்கு மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் மகளுக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது. அதுவும் 44 வயதுக்குள்ளேயே வந்தது என்பது வைத்தியர் கட்டாயம் அறிய வேண்டிய செய்தி. தரகர் காதில் விழக்கூடாது என்பதற்காக வைத்தியரிடம் பொய் சொல்லியிருக்கிறீர்கள். யாருக்காக? மகளுக்காக என்கிறீர்கள். அந்த மகளுக்கு அம்மம்மாவின் நோய் தெரியாவிட்டால், அம்மம்மாவின் அந்த 44 வயதுக்குப் பத்து வருடம் முந்தி, அதாவது 34 வயதிலேயே பரிசோதனையைத் தொடங்குவது பற்றி வைத்தியரிடம் கேட்க வேண்டும் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? பிள்ளைக்குச் சீதனமாக வீடு வளவு எழுதுகிறோம், அவள் உடம்பைப் பற்றிய உண்மையை மட்டும் மறைக்கிறோம். இதைக் கேட்டுவிட்டு விலகிப்போகும் சம்பந்தம் விலகட்டும் என்பதே என் தீர்மானமான எண்ணம்.

போரால் பாதை பூட்டிக் கிடந்த 1994இல் உங்கள் அம்மாவுக்கு, கொழும்புக்கு அருகிலுள்ள மகரகம புற்றுநோய் வைத்தியசாலை எட்டாத தூரம். உங்களுக்கோ தெல்லிப்பழையிலேயே புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. அரச வைத்தியசாலையில் பணமும் கேட்கமாட்டார்கள். இருந்தும் தைக்குக் காத்திருக்கிறீர்கள்!

இந்தக் கிழமையே அறிக்கையையும் மமோகிராம் படங்களையும் அந்தக் கட்டிலிருந்து வெளியே எடுத்துக்கொண்டு ஸ்கானுக்குப் போங்கள். அதில் 3 என்று வந்தால் ஆறு மாதத்தில் மறுபடி பார்ப்பார்கள். 4 அல்லது 5 என்றால் ஊசியால் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள், அதற்கு மறுக்காதீர்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போய், அம்மாவின் நோயையும் வயதையும் அவள் காதுபட வைத்தியரிடம் சொல்லுங்கள்.