ஆஸ்டினுக்கு வரும் தக்கலைத் தம்பிக்கு

தம்பி, உன் கேள்வியை முழுசாக வாசித்தேன். அக்டோபரில் மனைவியோடும் நாலு வயசுப் பிள்ளையோடும் டெக்சாஸ் ஆஸ்டினுக்கு வருகிறாய். பாட்டுக்குப் பேர் போன ஊராமே, எந்தெந்தப் பகுதியைப் பார்க்கலாம், பார்கள் நிறைந்த சிக்ஸ்த் ஸ்ட்ரீட்டுக்குக் குடும்பத்தோடு போகலாமா, வீடு எங்கே எடுக்கலாம் என்று கேட்டிருக்கிறாய். கூடவே கிரெடிட் ஸ்கோர், பள்ளிக்கூடம், கார் இன்சூரன்ஸ், பொன்னி அரிசி விலை. இந்தப் பின்பாதிக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. நீ வந்து இறங்கிய முதல் சனிக்கிழமையே நம்மவர் யாராவது சாப்பிடக் கூப்பிடுவார்கள், சாம்பார் ஆறுவதற்குள் அத்தனையும் சொல்லித் தந்துவிடுவார்கள். அதைத் தவிர வேறெதுவும் சொல்ல மாட்டார்கள் என்பதுதான் என் வருத்தம்.

நான் நாகர்கோவில் ஒழுகினசேரிக்காரன். வந்து இறங்கியது ஒரு ஆகஸ்டு மாசம், வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டி நின்ற நேரம். கம்பெனி போட்ட இடம் ஹைவே ஓரத்து மோட்டல். எதிர்ப்பக்கம் கடை கண்ணுக்குத் தெரியும், நடுவில் ஆறு வழிச் சாலை, நடைபாதை கிடையாது. ஒரு பாக்கெட் பால் வாங்க உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். வடசேரியில் நின்றால் எந்தப் பக்கமும் பஸ் வருமே, அந்த நினைப்பில் வந்தவனுக்கு இது ஜெயிலாகத்தான் தெரிந்தது. வடக்கே லியாண்டரிலிருந்து டவுன்டவுன் வரும் ரெட் லைன் ரயிலே 2010-ல்தான் ஓடத் தொடங்கியது. இப்போதும் ஞாயிற்றுக்கிழமை அதை நம்பி இறங்காதே.

வீடு விஷயத்தில் ஒன்று மட்டும். நம்மவர்கள் எல்லாரும் ரவுண்ட் ராக், சீடர் பார்க், லியாண்டர் என்று வடக்கே தள்ளித்தான் இருக்கிறார்கள். பள்ளிக்கூடம் நல்லது, வீடு பெரிசு, இந்தியக் கடை பக்கம். குறை சொல்ல எதுவும் இல்லை, நானும் இப்போது அங்கேதான் இருக்கிறேன். ஆனால் முதல் வருஷமே அங்கே போய் அடங்கிவிடாதே. லியாண்டரிலிருந்து டவுன்டவுன் 40 கிலோமீட்டருக்கு மேல், சாயந்திரம் கார் நகராது. அப்புறம் எதற்கும் வெளியே கிளம்ப மனசு வராது. பத்து வருஷமாக ஆஸ்டினில் இருக்கிறேன் என்பார்கள். டவுன்டவுனில் வௌவாலுக்குப் பேர் போன காங்கிரஸ் அவென்யூ பாலத்தை ஒரே தடவை, அதுவும் ஊரிலிருந்து மாமியார் வந்தபோது பார்த்திருப்பார்கள். பாட்டு நடக்கிற பக்கம் ஏன் போவதில்லை என்று கேட்டால், ‘நமக்குத்தான் குடிப்பழக்கம் இல்லையே, அங்கே என்ன வேலை?’ அதே ஆட்கள், சென்னையிலிருந்து சினிமாப் பாடகர் வந்தால் மூன்று மணி நேரம் கார் ஓட்டி டல்லாஸ் போவார்கள். நூற்றுக்கணக்கில் டாலர் கொடுத்து, ஆள் முகம் தெரியாத தூரத்தில் உட்கார்ந்து பெரிய திரையைப் பார்த்துவிட்டு வருவார்கள்.

ஊரின் அமைப்பு எளிது. நடுவில் கொலராடோ ஆறு, கிராண்ட் கேன்யன் கொலராடோ வேறு, இது வேறு. அணை கட்டி அதை லேடி பேர்ட் லேக் ஆக்கியிருக்கிறார்கள். கரையோரம் நடக்கலாம், படகு விடலாம், இறங்கிக் குளிக்கக் கூடாது. ஆற்றுக்கு வடக்கே டவுன்டவுன், தெற்கே சவுத் காங்கிரஸும் சவுத் லமாரும். ஐ-35 என்கிற ஹைவே ஊரை வடக்கு தெற்காக அறுத்துக்கொண்டு போகிறது. அதற்குக் கிழக்கே ஈஸ்ட் ஆஸ்டின். 1928-ல் போட்ட நகரத் திட்டம் கறுப்பின மக்களுக்கான பள்ளிக்கூடம், பூங்கா எல்லாவற்றையும் கிழக்குப் பக்கம் மட்டும் வைத்து, அவர்களை அங்கே தள்ளியது. தோள்சீலைப் போராட்டம் நடந்த மண்ணிலிருந்து வருகிற உனக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தக் கிழக்கில்தான், 11-வது தெருவில், 1945-ல் விக்டரி கிரில் தொடங்கியது. கறுப்பினக் கலைஞர்கள் ஊர் ஊராகப் பாடிக்கொண்டு போன காலத்தில் அவர்கள் வந்து நின்ற இடம். இன்று அதே பக்கம் வாடகை ஏறி, பழைய குடும்பங்கள் பலவும் வெளியே போய்விட்டன. அங்கே காப்பி குடிக்கப் போகும் நம் பையன்களுக்கு இதெல்லாம் தெரியாது.

சிக்ஸ்த் ஸ்ட்ரீட்டுக்குப் பகலில் போ, சாயந்திரம் போ. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ராத்திரி பத்துக்கு மேல் போகாதே, முக்கியமாக வெள்ளி, சனி. உண்மையில் பாட்டுக்காகப் போகிறவர்கள் அங்கே நிற்பதே இல்லை. சத்தம் வேண்டுமென்றால் ரெட் ரிவர் தெரு. புளூஸ் பிடிக்குமென்றால் 1975-ல் தொடங்கி இடம் மாறி மாறி இன்னும் நடக்கிற ஆன்டோன்ஸ். சவுத் காங்கிரஸில் 1955-லிருந்து இருக்கிற கான்டினென்டல் கிளப். அந்தத் தெரு இப்போது பூட்ஸ் விற்கிற, செல்ஃபி எடுக்கிற தெருவாகிவிட்டது, இருந்தாலும் அந்தக் கிளப்புக்குள் போனால் பழைய ஊர் மிச்சமிருக்கிறது. பல இடங்களில் 21 வயசுக்குக் கீழே உள்ளே விட மாட்டார்கள். தலை நரைத்திருந்தாலும் வாசலில் அடையாள அட்டை கேட்பார்கள், லைசென்ஸ் எடுக்கும்வரை பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்.

என்னை கான்டினென்டலுக்கு முதலில் கூட்டிப்போனது அந்த மோட்டலில் ராத்திரி வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருந்த ஆள். நான் பாலுக்காக ரோட்டைத் தாண்டி ஓடுவதைப் பார்த்து, வேலை இல்லாத ஒரு நாள் தன் ஓட்டைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். அவர் பேஸ் கிட்டார் வாசிப்பவர் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. மேடையில் ஏறி வாசித்தார், இறங்கி வந்து, கேட்பவர்கள் காசு போடுகிற கண்ணாடி ஜாடியை எடுத்துக்கொண்டு மேஜை மேஜையாகப் போனார். ஊரே 1991-லிருந்து தன்னை உலகின் நேரடி இசைத் தலைநகர் என்று சொல்லிக்கொள்கிறது, விமான நிலையத்துக்குள்கூட மேடை போட்டுப் பாடுகிறார்கள், ஆனால் பாடுகிறவனுக்குப் பகலில் வேறொரு வேலை இருந்தால்தான் வாடகை கட்ட முடியும். அவர்களுக்கு வைத்தியச் செலவுக்கு வழி செய்து கொடுக்கவே 2005-லிருந்து ஹாம் என்று ஓர் அமைப்பு நடக்கிறது. நிலைமையை அதிலிருந்தே புரிந்துகொள்.

எனக்கு அந்த ஜாடி புதுசாகத் தெரியவில்லை. என் சித்தப்பா பகலில் கொத்தனார், ராத்திரியில் வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடிப்பார். கோயில் கொடை என்றால் விடிய விடிய சுடலைமாடன் கதை போகும். நடுவில் யாராவது எழுந்து போய்ப் பத்து ரூபாய் கொடுப்பார்கள். புலவர் கதையை அப்படியே நிறுத்தி, கொடுத்தவர் பேரைச் சொல்லி, குடும்பத்தை வாழ்த்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து பிடிப்பார். பேசின கூலி பாதி நாள் கைக்கு வராது, அந்தப் பத்து ரூபாய்களில் வரும் பங்குதான் நிச்சயம். காலையில் மட்டிப்பழம் ஒரு சீப்போடு, கண் சிவந்து வருவார், குளித்துவிட்டு நேரே சாந்து குழைக்கப் போவார். எங்கள் வீட்டில் யாரும் அவர் வாசிப்பதை வேலை என்று சொன்னதில்லை.

அதனால்தான் சொல்கிறேன். கவர் என்று நுழைவுக் காசு வாசலில் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், ஜாடி வரும்போது தலைக்கு ஐந்து டாலராவது போடு. நம்மவர் ஒருவரை ஆசையாகக் கூட்டிப்போனேன். முன்வரிசை, ஒரே ஒரு கோக், கடைசிப் பாட்டுவரை வீடியோ எடுத்து உறவுக்காரர் எல்லாருக்கும் அனுப்பினார். ஜாடி வந்ததும் பாத்ரூமுக்குப் போய்விட்டார். திரும்பி வரும்போது காரில், ‘ஃப்ரீ ஷோ, அருமையா இருந்தது’ என்கிறார். அதற்கப்புறம் அவரை நான் கூப்பிடுவதில்லை. கோடீஸ்வர மென்பொருள்காரர்கள் என்று நம்மைப் பற்றி அங்கே ஒரு பேச்சு இருக்கிறது, அது சும்மா வரவில்லை.

பிள்ளைக்குக் காட்ட நிறைய இருக்கிறது, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வந்தவுடன் வௌவால் பாலம். காங்கிரஸ் அவென்யூ பாலத்தின் அடியில் உள்ள இடுக்குகளில் கோடையில் 15 லட்சம் வௌவால் வரை இருக்கும், சூரியன் மறையும் நேரத்தில் புகை மாதிரி கிளம்பும். குளிர் தொடங்கினால் மெக்சிகோவுக்குப் போய்விடும், ஆகையால் அக்டோபரிலேயே முடித்துக்கொள். ஜில்கர் பூங்காவில் பார்ட்டன் ஸ்பிரிங்ஸ், ஊற்றுத் தண்ணீர்க் குளம், வருஷம் முழுக்க ஏறக்குறைய 20, 21 டிகிரி செல்சியஸிலேயே நிற்கும். திற்பரப்பில் குளித்து வளர்ந்தவனுக்கு அது ஒன்றும் பெரிய குளிரில்லை, ஆனால் முதல் முக்குக்கு மூச்சு நிற்கும். உள்ளூர் முகவரி இருந்தால் கட்டணம் குறைவு. 1888-ல் கட்டிய சிவப்புக் கிரானைட் மாநிலச் சட்டமன்றக் கட்டடத்துக்குள் போகக் காசே இல்லை. ஏரிக்கரையில் புளூஸ் கிட்டார்காரர் ஸ்டீவி ரே வானுக்கு 1993-ல் வைத்த சிலை, டவுன்டவுனில் கன்ட்ரி பாடகர் வில்லி நெல்சனுக்கு 2012-ல் வைத்த சிலை. வில்லி நெல்சன் உயிரோடு இருக்கும்போதே வைத்தார்கள் என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

இனி எச்சரிக்கை. தனியார் இடத்தில் காரை நிறுத்தாதே, ஐந்து நிமிஷம் என்றாலும். மரக்கிளை மறைத்த ஒரு பலகையைக் காட்டி என் காரை இழுத்துப்போய், மீட்பதற்கு என்னிடம் வாங்கிய பணத்தை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. அந்த ராத்திரி ஏதோ ஒரு பாழ்நிலத்தில், கம்பி வலைக்குப் பின்னால் நின்றவன் சிரித்துக்கொண்டே கார்டு தேய்த்தான். மழை கொட்டும்போது தாழ்வான சாலையில் தண்ணீர் ஓடினால் காரை இறக்காதே, நம்ம ஊர் ஓடை என்று நினைக்காதே. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இங்குள்ள சீடர் மரத்தின் மகரந்தம் பறக்கும், கண்ணும் மூக்கும் ஒழுகும். எனக்கு அலர்ஜியே கிடையாது என்று மார் தட்டுகிறவர்களைச் சில வருஷம் கழித்துப் பார்த்திருக்கிறேன். மார்ச்சில் சவுத் பை சவுத்வெஸ்ட் என்கிற பெரிய இசை, சினிமா விழா, ஊரில் ஓட்டல் அறை விலை தொட முடியாது. அப்பா அம்மாவை அந்த மாசம் வரச் சொல்லாதே.

நீ வருகிற அக்டோபரில் ஜில்கரில் ஏசிஎல் (ஆஸ்டின் சிட்டி லிமிட்ஸ்) இசை விழா, இரண்டு வார இறுதிகள். டிக்கெட் விலையைப் பார்த்தால் தலை சுற்றும், வாங்காதே. அந்த நாட்களில் பார்ட்டன் ஸ்பிரிங்ஸ் பக்கம் காரோடு போகவும் செய்யாதே. விழா முடிந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை சவுத் லமாரில் ப்ரோக்கன் ஸ்போக்குக்கு வா. 1964-லிருந்து இருக்கிற நடனக் கூடம், சுற்றிலும் அடுக்குமாடி முளைத்துவிட்டது, அது மட்டும் தகரக் கொட்டகை மாதிரி நடுவில் நிற்கிறது. முன்பக்கம் சாப்பாடு, பின்பக்கம் கன்ட்ரி பாட்டும் டூ-ஸ்டெப் ஆட்டமும், ஆடத் தெரியாதவர்களுக்குக் கற்றும் தருவார்கள். நானும் என் வீட்டுக்காரியும் இருப்போம். அவள் என்னைவிட நன்றாக ஆடுவாள், பார்வதிபுரத்துக்காரி. வரும்போது பணத்தை நோட்டாகவே கொண்டு வா, உள்ளே ஏடிஎம் இருந்தாலும் கமிஷன் பிடித்துவிடுவார்கள்.